கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள்? கேமராவையும் ஆள் எண்ணும் கருவியையும் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடை. இரண்டு மாடி, எட்டு கேமரா. கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் டிவியில் எட்டுக் கட்டமும் காலையிலிருந்து இரவு வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கேமரா வேலை செய்யவில்லை என்று பார்க்கப் போயிருந்தேன். அடாப்டரை மாற்றிக்கொண்டிருந்தபோது கடைக்கார அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, போன வருஷத்தைவிட வியாபாரம் கம்மி. ஆள் வரத்து கொறஞ்சுபோச்சா, இல்ல வர்றவங்க வாங்காமப் போறாங்களா? இத்தனை கேமரா இருக்கே, இதுல தெரியாதா?"

தெரியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாசலைக் கடந்த ஒவ்வொருவரும் பதிவாகியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரப் பதிவை உட்கார்ந்து எண்ணுவதற்கு ஆள் யார்? கேமரா பார்த்துக்கொண்டே இருந்தது, எண்ணவில்லை.

கடைக்குள் மாட்டும் கருவிகளைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்கிறவர்கள் முதலில் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் எளிது. கடைக்காரருக்கு இரண்டு விதமான கேள்விகள் வரும். "பொருளை யார் திருடியது, என்ன நடந்தது" என்பது ஒன்று. "எத்தனை பேர் வந்தார்கள், எப்போது வந்தார்கள்" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு முகம் வேண்டும். இரண்டாவதற்கு முகமே வேண்டாம், தலை எண்ணிக்கை போதும். இரண்டுக்கும் ஒரே கருவி என்று நினைத்து வாங்கும்போதுதான் பணமும் வீணாகிறது, தேவையில்லாமல் அடுத்தவர் முகங்களும் நம் பெட்டியில் சேர்கின்றன.

கேமரா: முகம் தெரிய வேண்டிய இடம் எது?

கேமரா எடுக்கும் காட்சி ஒயர் வழியாக ஒரு பதிவுப் பெட்டிக்குப் போகிறது. அதன் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் சேர்கிறது. டிஸ்க் நிறைந்ததும் மிகப் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும். கேபிள் டிவி ஒயர் மாதிரியான கோஆக்சியல் ஒயரில் கேமரா இணையும் பெட்டியை டிவிஆர் என்கிறோம். நெட்வொர்க் ஒயரில் ஐபி கேமரா மாட்டினால் என்விஆர். சின்னக் கடைக்கு இரண்டில் எதுவும் சரிதான். இதைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம்.

குழப்பம் வருவது வேறு இடத்தில். "ரெண்டு மெகாபிக்சல் அண்ணே, நல்லாத் தெரியும்" என்று சொல்லி விற்பார்கள். எவ்வளவு தூரத்தில் தெரியும் என்பதுதான் கேட்க வேண்டியது. முன்பின் தெரியாத ஒருவரை இன்னார் என்று அடையாளம் சொல்ல வேண்டுமானால், அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல், அதாவது படப் புள்ளிகள், விழ வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிலை தந்த அளவு. ஏற்கெனவே பழக்கமான ஆள் என்றால் 125 போதும். அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்று மட்டும் தெரிய 25 போதும்.

இரண்டு மெகாபிக்சல் கேமராவில் குறுக்கே 1920 பிக்சல். அதை 250ஆல் வகுத்தால் ஏழரை மீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது காட்சியின் அகலம் அதைத் தாண்டினால் முகம் அடையாளத்துக்கு உதவாது. எல்லாரும் மாட்டும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் மிக விரிவாகப் பார்க்கும். அதில் சுமார் மூன்று மீட்டர் தூரத்திலேயே காட்சி அந்த அகலத்தைத் தொட்டுவிடும். 6 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஏழு, எட்டு மீட்டர் வரை தாங்கும், ஆனால் பக்கவாட்டில் குறைவாகப் பார்க்கும். திருட்டு நடந்த மறுநாள் பதிவை ஓட்டிப் பார்த்து, சட்டை நிறம் தெரிகிறது முகம் தெரியவில்லை என்று தலையில் கைவைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். கூடம் முழுவதையும் பார்க்க ஒரு விரிந்த லென்ஸ், வாசலிலும் கல்லாவிலும் முகத்துக்கு நெருக்கமான ஒன்று, இப்படிப் பிரித்து மாட்டினால் நான்கு கேமராவிலேயே வேலை முடியும்.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதையும் நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுதினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. எட்டு கேமராவுக்கு 173 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. நாலு டெராபைட் போட்டால் 23 நாள். ஸ்டாக் எடுக்கும்போது மாதக் கடைசியில்தான் சரக்கு குறைவது தெரியவரும் என்றால், ஆறு நாள் பதிவை வைத்து என்ன செய்ய முடியும்?

நேரம் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு கடையில் பில் அடித்த நேரத்தை வைத்துப் பதிவைத் தேடினோம், ஆளே இல்லை. கரன்ட் போய் வந்ததில் டிவிஆர் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. போலீசுக்கோ கோர்ட்டுக்கோ பதிவு கொடுக்க வேண்டி வந்தால் நேரப் பிழை இன்னும் பெரிய தலைவலி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழ் இணைக்க வேண்டும், அதில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பும் இருக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்புக்கு எடுக்கும் கைரேகை மாதிரி. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். செல்போனில் டிவியைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ இந்த இடத்தில் அசல் பதிவுக்கு ஈடாகாது. சம்பவம் நடந்த அன்றைக்கே, மேலே எழுதப்படுவதற்குள், பெட்டியிலிருந்து நேரடியாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவது எப்படி?

அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். வாசலில் ஆள் எண்ணுவது புதிய யோசனை அல்ல. கையில் வைத்துக் 'டிக்' 'டிக்' என்று அழுத்தும் சின்னக் கருவியைக் கோயில் விழாக்களிலும் கண்காட்சிகளிலும் பார்த்திருப்பீர்கள். அதையே ஒரு இயந்திரம் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மிக மலிவானது அகச்சிவப்புக் கதிர். வாசலின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் போகும். யாராவது குறுக்கே நடந்தால் கதிர் அறுபடும், எண் ஒன்று கூடும். ஒற்றை ஆளாக நடக்கும் குறுகிய வாசலுக்கு இது போதும். நம் ஊர்த் துணிக்கடைக்கு ஒத்துவராது. அம்மாவும் மகளும் கைகோத்து வந்தால் கதிருக்கு அது ஒரே ஆள். வாசலில் தொங்கும் சேலைத் தலைப்பு காற்றில் ஆடினால் அதுவும் ஒரு ஆள்.

நல்ல முறை, தலைக்கு நேர் மேலிருந்து பார்ப்பது. இதில் ஒரு பெட்டிக்குள் இரண்டு லென்ஸ் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எதற்கு இரண்டு? இப்போதே செய்து பாருங்கள். உங்கள் சுட்டுவிரலை மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமும் தாவும். கையை முழுதாக நீட்டிவிட்டுச் செய்தால் தாவல் குறையும். தூரத்துச் சுவர் அசையவே அசையாது. அருகில் இருப்பது அதிகமாகத் தாவும், தொலைவில் இருப்பது குறைவாகத் தாவும். பத்தடி உயரத்தில் மாட்டிய பெட்டியும் இப்படித்தான் கணக்கிடுகிறது. தரை தொலைவில், தலை அருகில். ஆகவே எங்கே தலை இருக்கிறது, தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். இரண்டு பேர் ஒட்டி நடந்தாலும் இரண்டு தலை. இடுப்பளவு உயரம் என்றால் குழந்தை, வேண்டுமானால் அதைத் தனியாக எண்ணச் சொல்லலாம். தள்ளுவண்டி, மூட்டை, தரையில் விழும் நிழல் எல்லாம் உயரத்தை வைத்தே ஒதுங்கிவிடும். இரண்டு லென்ஸுக்குப் பதில் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளந்து உயரம் கண்டுபிடிக்கும் கருவிகளும் இருக்கின்றன. அவை இருட்டிலும் வேலை செய்யும்.

வாசல் தரையில் கற்பனையாக ஒரு கோடு போட்டுக் கொடுப்போம். ஒரு தலை அந்தக் கோட்டை உள்பக்கமாகத் தாண்டினால் உள்ளே ஒன்று, வெளிப்பக்கமாகத் தாண்டினால் வெளியே ஒன்று.

சாதாரணக் கண்காணிப்புக் கேமராவிலேயே மென்பொருள் சேர்த்து எண்ணுவதும் உண்டு. விலை குறைவு. ஆனால் சாய்வாகப் பார்க்கும் கேமராவில் முன்னால் வருபவர் பின்னால் வருபவரை மறைத்துவிடுவார். கூட்டம் குறைந்த மருந்துக்கடைக்குச் சரி, தீபாவளி நேரத் துணிக்கடைக்குப் போதாது. பிறகு, செல்போன்கள் வைஃபை தேடி விடும் சிக்னலில் உள்ள அடையாள எண்ணை வைத்து ஆள் எண்ணும் முறை ஒன்று கொஞ்ச காலம் பேசப்பட்டது. 2014இல் ஆப்பிள் தன் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 8இல் அந்த அடையாள எண்ணை மாற்றி மாற்றிக் காட்டத் தொடங்கியது, ஆண்ட்ராய்டும் பின்னால் அதையே செய்தது. ஒரே போன் பல போனாகத் தெரியும்போது எண்ணிக்கை எப்படி நிற்கும்? அந்த வழியில் விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கருவி சொல்லும் எண்ணை நம்பலாமா? மாட்டிய வாரமே சோதித்துவிடுங்கள். கூட்டம் உள்ள நேரத்தில் பதினைந்து நிமிடப் பதிவை எடுத்து, நீங்களே நிறுத்தி நிறுத்தி எண்ணிக் கருவியின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இன்னொரு சோதனை தினமும் இலவசமாகவே கிடைக்கிறது. இரவு கடை பூட்டும்போது உள்ளே வந்தவர்கள் எண்ணிக்கையும் வெளியே போனவர்கள் எண்ணிக்கையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், எல்லா வாசலிலும் கருவி இருந்தால். பெரிய இடைவெளி விழுந்தால் எங்கோ தவறு. ஒரு கடையில் அப்படித் திடீரென்று எண்ணிக்கை எகிறியது. போய்ப் பார்த்தால் பண்டிகைக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் கருவிக்கு நேர் கீழே ஆடிக்கொண்டிருந்தது. தோரணத்தை ஓரடி முன்னால் நகர்த்தியதும் சரியானது. ஆயுத பூஜைக்குக் கருவி மீது சந்தனப் பொட்டு வைப்பவர்கள், லென்ஸை விட்டுவிட்டுப் பெட்டியின் ஓரத்தில் வைத்தால் நல்லது. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை லென்ஸுக்கு முன்னால் வெள்ளைப் புகையாகத் தெரியும். மாதம் ஒரு தடவை ஒட்டடைக் குச்சி போட்டால் போதும்.

எண்ணை வைத்து என்ன செய்வது?

உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்ப்பதுதான் முதல் கணக்கு. ஒரு பேச்சுக்கு, 640 பேர் வந்து 150 பில் ஆகியிருந்தால், நூற்றுக்கு 23 பேர்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கல்யாணப் பட்டு எடுக்க நம் ஊரில் தனியாக யாராவது போகிறார்களா? அத்தை, சித்தி, நாத்தனார் எல்லாரும் சேர்ந்துதான் வருவார்கள், ஆனால் பில் ஒன்று. சராசரியாக நாலு பேராக வந்திருந்தால் 640 பேர் என்பது 160 குடும்பம். அதில் 150 பில் என்றால் கிட்டத்தட்ட வந்த எல்லாரும் வாங்கிவிட்டார்கள். ஒரே எண், முழுக்க வேறு கதை. சில கருவிகள் சேர்ந்து நுழைபவர்களை ஒரு குழுவாக எண்ணித் தரும். இல்லாவிட்டால் இரண்டு, மூன்று நாள் வாசலில் நின்று ஒரு குழுவுக்கு எத்தனை பேர் என்று நோட்டில் குறித்துச் சராசரி எடுக்கலாம். வெளிநாட்டுப் பேரங்காடிகளுக்குச் சொல்லும் விகிதங்களை எடுத்து நம் கடையோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் கடையின் இந்த ஞாயிறை உங்கள் கடையின் போன ஞாயிறோடு ஒப்பிடுங்கள்.

ஊழியர்களைக் கழிப்பதும் முக்கியம். டீ குடிக்க, குடோனுக்குப் போக, பார்சலை வண்டியில் ஏற்ற என்று ஒரு ஊழியர் ஒரு நாளில் எத்தனையோ முறை வாசலைத் தாண்டுவார். இருபது பேர் வேலை செய்யும் கடையில் இது சின்னத் தொகை அல்ல. பின்வாசல் இருந்தால் அவர்கள் போக்குவரத்தை அங்கே மாற்றலாம்.

அண்ணாச்சி கடையில் வாசலுக்கு ஒரு கருவியும் மாடிப்படிக்கு ஒரு கருவியும் மாட்டினோம். நாலு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணை மட்டும் சேர்த்தோம். மணிவாரியாக எடுத்து, பக்கத்தில் பில் எண்ணிக்கையை எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை கூட்டம் குறையவே இல்லை, பில் மட்டும் பாதிக்கும் கீழே. காலையில் பஸ் ஏறி வரும் சுற்றுக் கிராமத்து ஆட்கள் மற்ற வேலைகளை முடித்துவிட்டுக் கடைக்குள் நுழையும் நேரம் அது. கடையில் பாதிப் பேர் சாப்பிடப் போகும் நேரமும் அதுவே. செக்‌ஷனில் எடுத்துக் காட்ட ஆள் இல்லை. வந்தவர்கள் இரண்டு சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் வரத்து குறையவில்லை, வந்தவர்களைத்தான் விட்டிருக்கிறோம்.

நான் சொல்ல நினைத்ததை அண்ணாச்சியே சொன்னார்: சாப்பாட்டை மூன்று பந்தியாகப் பிரித்து, பதினொன்றரைக்கே முதல் பந்தியை அனுப்பலாம் என்று. ஊழியர்களைக் கடிந்துகொள்ளவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் இதே கருவிகளை வேலை செய்பவர்கள் மீது திருப்பும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். செல்போனில் கேமராவைத் திறந்து, எந்தப் பெண் இரண்டு நிமிடம் உட்கார்ந்தாள் என்று தேடுவார்கள். நாளெல்லாம் நின்று வேலை செய்யும் துணிக்கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தையே திருத்தியது. சட்டம் கொடுத்த நாற்காலியைக் கேமரா பிடுங்கிக்கொள்ளக் கூடாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

முகத்தைச் சேர்த்தால் பொறுப்பும் சேரும்

உடை மாற்றும் அறையிலோ கழிப்பறையிலோ, அவற்றின் உள்ளே தெரியும்படியோ கேமரா கூடவே கூடாது. பாரதிய நியாய சட்டத்தின் 77ஆம் பிரிவும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவும் இதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கின்றன. பக்கத்துச் சுவரில் மாட்டிய கேமரா திரும்பிக்கொண்டு கதவிடுக்கைப் பார்க்கவும் வாய்ப்பிருக்கிறது. மாட்டுபவரிடம் விட்டுவிடாமல் நீங்களே திரையில் பாருங்கள்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒருவரை இன்னார் என்று காட்டும் டிஜிட்டல் தகவல் எல்லாம் இதன் கணக்கில் தனிநபர் தரவுதான். முகம் தெரியும் வீடியோ அதில் வரும். "மணி 1 முதல் 2 வரை 90 பேர்" என்ற எண்ணிக்கையை வைத்து யாரையும் அடையாளம் காட்ட முடியாது. ஆகவே எண்ணும் கருவி வாங்கும்போது, படத்தை வெளியே அனுப்பாமல் உள்ளேயே கணக்கிட்டு எண்ணை மட்டும் தரும் கருவியா என்று கேளுங்கள். வயது, ஆணா பெண்ணா, திரும்ப வந்தவரா என்றெல்லாம் முகத்தை வைத்துச் சொல்கிறோம் என்று விற்பார்கள். கனடாவில் காடிலாக் ஃபேர்வியூ என்ற நிறுவனம் 12 வணிக வளாகங்களில், வழிகாட்டித் திரைகளுக்குள் கேமரா வைத்து 50 லட்சம் முகங்களை வருபவர்களுக்குத் தெரியாமல் அலசியது. 2020இல் அந்நாட்டுத் தனியுரிமை ஆணையர் அது சட்டமீறல் என்று அறிவித்தார். அமெரிக்காவில் ரைட் எய்ட் மருந்துக்கடைகள் முகம் அறியும் மென்பொருளை வைத்து வாடிக்கையாளர்களைத் தவறாகத் திருடர்கள் என்று சுட்டிய விஷயத்தில், 2023 டிசம்பரில் ஐந்து ஆண்டுகளுக்கு அதைப் பயன்படுத்தத் தடை வந்தது. அங்கே மருந்து வாங்க வந்த ஒருவரை ஊழியர் பின்தொடர்ந்து போய் நிறுத்தியிருப்பார். அந்த அவமானத்துக்கு எந்தக் கடையாலும் ஈடு கொடுக்க முடியாது.

வாசலில் "இங்கே கேமரா பதிவு உள்ளது" என்று தமிழில் பெரிதாக ஒரு பலகை வையுங்கள். கேமராவில் மைக் இருந்தால் அணைத்துவிடுங்கள். துணி பார்த்துக்கொண்டே கணவனும் மனைவியும் வீட்டுக் கணக்குப் பேசுவதைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

கடைசியாகப் பாஸ்வேர்ட். 2016இல் மிராய் என்ற தீநிரல் (வைரஸ் மாதிரியான கெட்ட மென்பொருள்), கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் ஆயிரக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே சில மணி நேரம் எட்டவிடாமல் செய்தது. 2025இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்டதாக வெளிவந்தபோது, 'அட்மின்123' என்ற பாஸ்வேர்டுதான் வழி திறந்தது என்று செய்திகள் வந்தன. சிகிச்சைக்கு வந்த பெண்களின் காட்சிகள் அவை. உங்கள் டிவிஆர் பாஸ்வேர்டை மாட்டிக் கொடுத்தவர் மட்டுமே அறிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால், 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகிவிட்டது. அந்தச் சான்று உள்ள மாடலா என்று பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், செலவே இல்லாமல் ஒன்று செய்து பார்க்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, நோட்டில் மணிவாரியாகக் கோடு கிழித்து ஆள் எண்ணுங்கள். இரவு பில் புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள். கருவி வேண்டுமா வேண்டாமா, எந்த வாசலுக்கு வேண்டும் என்பது அந்த ஒரு தாளிலேயே பாதி தெரிந்துவிடும். அண்ணாச்சியிடம் இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வருகிறது. ஆனாலும் தினமும் கடை பூட்டுவதற்கு முன், சிட்டை நோட்டில் அன்றைய விற்பனைத் தொகைக்குப் பக்கத்தில் அன்றைய ஆள் வரத்தையும் பேனாவால் எழுதிவிட்டுத்தான் கல்லாவைப் பூட்டுகிறார்.